நாற்பத்து மூன்றாம் நாள்

வங்கி கேட்கிறது:
பொருள் வாடிக்கையாளரிடம் சேர்ந்ததா?
ஆம். இல்லை.
இரண்டே கட்டம்.

பொருள் என்பது ஒரு ஜோடி ஆஸ்கர் மீன்.
ஆண் எது பெண் எது என்று எனக்கும் தெரியாது,
ஜோடி என்றால் இரண்டு, அவ்வளவுதான்.
பஸ் கூலியோடு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.

கொளத்தூரில் ராத்திரி பத்து மணிக்கு
கால் பங்கு தண்ணீர், முக்கால் பங்கு ஆக்சிஜன்,
பைக்குள் பை, ரப்பர் பேண்டு மூன்று சுற்று.
தீவன டப்பாவில் சாய்ந்து நின்றபடி
செல்போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.
பிறகு ஆம்னி பஸ்ஸின் அடிவயிற்றில்
மீன்கள் ஓசூர் போகும்.

போனது. "வந்துருச்சு மேடம்" என்று
முனிகிருஷ்ணன் எழுதினார். கட்டைவிரலும் போட்டார்.
அப்புறம் சத்தமே இல்லை.
நாற்பத்து மூன்றாம் நாள்:
"ஒண்ணு மிதக்குது. காசத் திருப்பி அனுப்புங்க."

மீனுக்கு நான் எல்.ஐ.சி. எடுக்கலைங்க
என்று அடித்தேன்.
அழித்தேன்.
கோபம் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும்.
சேர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள்
பையைப் பிரிக்காமல் வீடியோ அனுப்ப வேண்டும்,
பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தோம், வருத்தம்,
என்று மட்டும் அனுப்பினேன்.

அவர் எனக்குப் பதில் எழுதவில்லை.
வங்கிக்கு எழுதினார்: பொருள் வரவேயில்லை.

வராத மீன் எப்படி ஐயா மிதக்கும்?

காசைப் பிடித்துவைத்துவிட்டார்கள்.
பதில் சொல்லப் பத்து நாள்.
சான்றுகள் இரண்டு எம்.பி.க்குள் இருக்க வேண்டுமாம்,
வீடியோ செல்லாதாம்.
ஓட்டி ஓட்டி ஒரு நொடியை நிறுத்திப் படமெடுத்தேன்:
மீன் கலங்கியிருக்கிறது,
என் கை மட்டும் தெளிவாக.
பார்சல் ஆபீஸ் ரசீது, நீலக் கார்பன்,
ஈரத்தில் பாதி எண் கரைந்தது.
போன வருஷம் இதுவும் இல்லை.
ஆவடி ஆள், நம்ம ஏரியாதானே என்று
தொட்டி, ஃபில்டர், கூழாங்கல் எல்லாம்
வீட்டிலேயே இறக்கிக் கொடுத்தேன்,
கையெழுத்துக் கேட்க வெட்கமாயிருந்தது.
ஒன்பதாயிரம்.
இப்போது எனக்கு எதுவும் நம்ம ஏரியா இல்லை.

கட்டைவிரலைத் தேடித்தான்
பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டு போனேன்.
நடுவில் ஒன்று.
பத்தொன்பதாம் நாள், இரவு 11.52.
"மேடம், ஒண்ணு சாப்பிட மாட்டேங்குது.
என்ன செய்யணும்?"

அன்றைக்குக் கொளத்தூரில் முழங்கால் தண்ணீர்.
கரண்ட் இல்லை.
நானும் தம்பி எர்னஸ்டும் தொட்டிகளை
மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
நான் பார்க்கவில்லை.
அல்லது பார்த்து, அப்புறம் என்று வைத்தேன்.
நீல டிக் இரண்டாவதைத்தான் சொல்கிறது.

மீன் போய்ச் சேர்ந்தது என்பதற்கு
இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.
கேட்டவருக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதற்கும்.

பாதிக் காசைத் தனியாகப் போட்டுவிடலாமா?
கேட்வே கம்பெனிப் பையன் தூக்கக் குரலில் சொன்னான்:
"கேஸ் ஓடுறப்ப அனுப்பாதீங்க மேடம்,
ரெண்டு தடவை போயிடும்."

ஆம் என்ற கட்டத்தைத் தொட்டேன்.
ரசீது. என் கை. கட்டைவிரல்.
நான்காவதாக அந்த 11.52.
அனுப்பினேன்.

மணி ஒன்று. ஏர் பம்புகளின் இரைச்சல்.
ஓசூருக்கு எழுதினேன்:
இன்னொண்ணு சாப்பிடுதா?

இரண்டு டிக். இன்னும் நீலமாகவில்லை.