இடையும் இடையமும்

முதிரையடிக்குளத்தில் முப்பத்தேழு வீடு.
முப்பத்தாறு வீட்டின் மாத வருமானம்
பன்னிரண்டாயிரத்துக்கும் பத்தொன்பதாயிரத்துக்கும் நடுவே
மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி
நெருக்கி நின்றது.
முப்பத்தேழாவது: பன்னிரண்டு இலட்சம்.

கணினி கூட்டியது, வகுத்தது.
வீட்டுக்கு நாற்பத்தேழாயிரத்து இருபத்தேழு ரூபா.
பதினையாயிரத்தில் நிமிர்ந்து நிற்கவேண்டிய இடை
ஒற்றைக் குடத்தின் பாரத்தில்
ஒரு பக்கமாய் ஒடிந்து கிடந்தது.
இப்படியே போனால்
நிவாரணப் பட்டியலிலிருந்து ஊரே விழும்.

"அந்த ஒரு வரியை அழிச்சுப்போட்டு அனுப்பும் பிள்ளை,
மூண்டு நியம விலகலுக்கு வெளியாலை நிக்குது,
விதி இருக்குத்தானே" என்றார்
தொலைபேசியில் மேலதிகாரி.

விதி இருக்கிறது.
போன வருசம் புளியங்குளப் பக்கம்
இதே அளவு ஊரொன்றுக்கு அதைக் கொண்டுபோனேன்.
நாலு வீட்டுக்குக் கனடாக் காசு.
நாலும் சேர்ந்து நியம விலகலை ஊதிப் பெருப்பித்து
அந்த நிழலுக்குள்ளேயே குந்தியிருந்தன.
விதி ஒன்றையும் பிடிக்கவில்லை.
தனியன் யானைக்குத்தான் அது வெடி கொளுத்தும்.
கூட்டமாய் வந்தால்
வயலை விட்டுக்கொடுக்கும்.

ஆகவே முப்பத்தேழையும்
சின்னதிலிருந்து பெரிதாய் வரிசையில் நிறுத்தி
பத்தொன்பதாவதைக் கேட்டேன்.
பதினாலாயிரத்து ஐந்நூறு என்றது இடையம்.
பன்னிரண்டு இலட்சத்தைப் பன்னிரண்டு கோடியாக்கிக் கேட்டேன்.
அதையேதான் சொன்னது,
கண் இமைக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம்.
கஜீபன் இரண்டு சைபர் கூடப் போட்டானோ என்று ஓர் ஐமிச்சம்.
ஸ்கூட்டியை எடுத்தேன்.
ஒட்டுசுட்டான் தாண்டிக் கிரவல் ரோட்டு,
இரண்டு பக்கமும் பாலை,
செருப்புக்குள் சிவப்புப் புழுதி.

யானை வேலிக் கரையில் யோகமலர்
பயற்றங்காய் ஆய்ந்துகொண்டிருந்தா.
"பிழையில்லை, சரியாத்தான் எழுதினவன்.
ரெண்டு ஏக்கர் வித்த காசு.
வியாழக்கிழமை வந்தது.
திங்கக்கிழமை ஏஜென்சிக்காரனிட்டைப் போட்டுது.
பெடியன் இப்ப பெலாரஸிலை ஏதோ காட்டுக்குள்ளை எண்டுறாங்கள்.
போன் வேலை செய்யேல்லை."
சொல்லிவிட்டு ஒரு பை பயற்றங்காயை
ஸ்கூட்டியின் கொளுக்கியில் மாட்டிவிட்டா.

எங்கள் படிவத்தில் வரவுக்கு மட்டும்தான் கட்டம்.
பணக்கார ஊர் என்று கணினி கண்டது
அந்த நாலு நாளை.

திரும்பி வந்து ஏழாம் நிரலைத் திறந்தேன்.
குடும்பத் தலைவர்: ஆண், பெண்.
இருபத்திரண்டு வீட்டில் பெண்.
இடையத்துக்கும் ஒரு முறியும் புள்ளி உண்டு,
படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியுமிருக்கிறேன்:
பாதி வரைக்கும் எந்தச் சேதத்தையும் தாங்கும்,
பாதியைத் தாண்டினால்
சேதம்தான் நடுவில் வந்து நிற்கும்,
மிச்சம் விலகலாகிவிடும்.
பதினைந்து ஆண்கள் அந்த நிரலில்
ஓரமாய் நின்றார்கள்,
யாரோ தவறித் தட்டச்சிட்டதுபோல.

எந்த வரியையும் அழிக்கவில்லை.
வருமானம் என்ற இடத்தில் இடையத்தைப் போட்டேன்.
முப்பத்தேழாம் வரிக்கு நிறையைக் குறைத்தேன்,
இல்லாமலாக்கவில்லை;
தராசில் ஒரு விரல் வைப்பதற்கும்
தட்டைத் தூக்கி எறிவதற்கும் இடையில் உள்ள வேலை அது.

குறிப்பு என்ற கட்டம் சின்னது.
எழுத்து முடியுமுன் கட்டம் முடிந்துவிடும்.
அச்செடுத்துப் பார்த்தால்
யோகமலரின் வரிக்கு நேரே இவ்வளவுதான் இருந்தது:

காணி விற்ற காசு. மகன் வழியி