சிவந்த குழாய்

கானாடுகாத்தான் விடுதியில்
காலை ஏழரைக்கு ரொட்டி கிழியும்.
குளிர்பெட்டி வெண்ணெய் அப்படி, கல்.
பெல்ஜியத்துக்காரர் ஒருவர்
கத்தியை வைத்துவிட்டுக் கரண்டியால் சுரண்டித் தின்றார்.

நூறு கிராமுக்கு நாற்பது மில்லி நல்லெண்ணெய் ஊற்றினேன்.
பக்கத்தில் இட்லியும் மிளகாய்ப்பொடியும்தான் பாக்கி,
அப்படி ஒரு வாசம்.
முப்பது. இன்னும் ஊறுகாய் ஜாடி.
இருபதில் கொஞ்சம் உப்பு போட்டு அடித்தேன்,
குளிரவைத்து மறுபடி அடித்தேன்.
விடியலில் திறந்தால்
விரல் பட்ட இடம் குழிந்தது.
ரொட்டியில் ஒரே இழுப்பு.
வாசம்? எதையோ வறுத்துவிட்டு
மறந்துபோன அடுக்களை மாதிரி, அவ்வளவுதான்.

முதலாளி வயிரவன் சும்மா இருந்திருக்கலாம்.
‘சுத்தப் பசு வெண்ணெய்’ என்று பலகை எழுதினார்.
காரைக்குடியிலிருந்து அதிகாரி வந்தார், ஜெசிந்தா.
உருக்கி, குழாயில் ஊற்றி,
சர்க்கரையும் அமிலமும் விட்டுக் குலுக்கினார்.
அடியில் செம்பருத்திச் சாயம்.

“வனஸ்பதி” என்றார்.
“அதில் நல்லெண்ணெய் சேர்ப்பதே இதற்குத்தான்.
நெய்யில் கலந்தால் சிவந்து காட்டிக்கொடுக்கும்.”

எனக்குச் சிரிப்பு அடக்கவில்லை.
பள்ளத்தூர்ச் செக்கு எண்ணெய்ப் போத்தலை
அவர் முன்னால் வைத்தேன்.
எள் என்பதற்குள் எண்ணெயாய் வந்து நிற்கிற சாட்சி,
ஆள் மட்டும் மாறிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை.
போத்தலை முகர்ந்தார். அதிலும் ஒரு சொட்டு எடுத்துக் குலுக்கினார்.
‘பலகை பொய், பண்டம் பொய்யில்லை’
என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லையாம்.
பேனாவை மூடிவிட்டு
மிச்ச ரொட்டியை இழுத்துக்கொண்டார்.

இப்போது பலகையில் ‘எள்’ சேர்ந்திருக்கிறது.
விலையில் இருபது ரூபாயும்.