பத்தே கால்

கேஸ் ரசீதின் பின்பக்கத்தில்
வெள்ளிக்கிழமை இரவே எழுதிவிட்டேன்.
ஒரே இடம். இரண்டு இடம் போனால் மூன்று சண்டை.
இருட்டும் முன் வீடு.
எலுமிச்சைச் சாதம், உருளை வறுவல்.
ஜெனிலினுக்குக் கடலை பொறுக்கியெடுத்த தனி டப்பா.
மாற்றுத் துணி ரூபனுக்கு இரண்டு,
மற்றவர்களுக்கு ஒன்று, எனக்கு இல்லை.
பஸ்ஸில் குமட்டினால் நார்த்தங்காய்,
அதையும் மீறினால் கேரி பை.

போன வருடம் பிச்சாவரம் போய்
படகில் ஏறாமலே திரும்பிய குடும்பம் இது.
அதனால் இந்த முறை
அழுகைக்கும் நேரம் குறித்தேன்:
பத்தே கால், ரூபன், பத்து நிமிடம்.
அடிக்கோடும் போட்டேன்.
பிரிட்டோ படித்துவிட்டு
"எனக்கு எத்தனை மணிக்கு?" என்றார்.

மஞ்சக்குப்பத்தில் ஏறும்போதே சீட் கிடைத்தது.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
"ஆறு எங்கம்மா?" என்றாள் ஜெனிலின்.
மணலைக் காட்டினேன். நம்பவில்லை.
முள்ளோடையில் மாநிலம் மாறியபோது
ரூபன் ஜன்னலில் தலையை நீட்டி
ரோட்டில் கோடு தேடினான்.
சாராயக் கடைகள்தான் வரிசையாக வந்தன.

நோணாங்குப்பம் படகுத்துறை.
எங்கள் டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு,
கூப்பிடுவது நூற்று நாற்பது.
கவுண்டரில் நெட்வொர்க் இல்லை, காசாகத்தான் வேண்டுமாம்.
காசு பையின் அடியில்,
சாத டப்பாவுக்கும் கீழே,
துண்டுக்குள், துண்டுக்குள் இருந்த பர்ஸில்.
"அங்க போய் யாராவது வைப்பாங்களா?"
பிரிட்டோவின் குரலுக்கு
முன்வரிசை மொத்தமும் திரும்பியது.
டப்பா சரிந்து உருளை மண்ணில் விழுந்தது.
எனக்குக் கண் கலங்கிவிட்டது,
வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜெனிலின் அவர் கையைத் திருப்பி
வாட்ச்சைப் பார்த்தாள்.
"அப்பா, இது ரூபன் டைம்."

ரூபனோ
பெயின்ட் டப்பாவால் படகிலிருந்து
தண்ணீர் இறைக்கும் ஆளை
எண்ணிக்கொண்டிருந்தான்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு படகு, மணல்திட்டு, அலை,
நனைந்த துணி மூன்று செட்.
என் புடவையும்.
எழுதியது எதுவும் எழுதிய நேரத்தில் நடக்கவில்லை.
எலுமிச்சைச் சாதத்தில் மணல் கடிபட்டது,
யாரும் மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் கடலூர் பஸ்
காலியாக வந்து நின்றது.
அத்தனை சீட்.
ஒரு கால் படியில் வைத்துவிட்டேன்.
ரூபன் முந்தானையை இழுத்தான்.
"என் பத்து நிமிஷம் எங்க?"
"இப்ப அழணுமா?"
"இல்ல. சும்மா உக்காரணும்."

கண்டக்டர் விசில் ஊத
காலை எடுத்தேன்.

நிழற்குடைச் சிமெண்டில் உட்கார்ந்து
ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினான்.
இன்னொரு ஷூவிலும் கொட்டினான்.
இரண்டு குவியலில் எது பெரிது என்று
பிரிட்டோவைக் கேட்டான்.
அவர் குனிந்து, நிஜமாகவே பார்த்து,
"இடது" என்றார்.

அடுத்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
கன்னியக்கோயிலிலேயே இருட்டிவிட்டது.
என் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து
நின்றபடியே தூங்கினான்,
மஞ்சக்குப்பம் வரை.