கேட் வால்வு இருக்கும் பக்கம்

குளியலறைச் சுவரில் கை வைத்தால்
சுவர் கையோடு வருகிறது.
சாந்து இல்லை, ஊறின அவல்.

"உள்ள ஓடுற இரும்புக் குழாய் இத்துப்போச்சு சார்.
எந்த எல்போன்னு கொத்தித்தான் பாக்கணும்."
டெஃப்லான் டேப்பைப் பல்லில் கடித்தபடி ரீகன் சொன்னான்:
"மொதல்ல தண்ணியை நிறுத்துங்க."

முப்பத்தோரு வருஷம் அதுதான் என் உத்தியோகம்.
பொதுப்பணித்துறை லஸ்கர்.
கோரையாற்றில் ஒன்பது மதகின் சாவி
என் இடுப்பில் தொங்கியது.
ஷட்டரை இரண்டு திருகு இறக்கினால்
நாலு ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு வருவார்கள்.
ஒரு திருகு ஏற்றினால் வேறு நாலு ஊர்.
நடுராத்திரி டார்ச் அடித்து
இன்று யார் முறை என்று சொல்லியிருக்கிறேன்.
கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்,
முனகிக்கொண்டே என்றாலும்.

இந்த வீட்டுத் தண்ணீரை
என்னால் நிறுத்த முடியாது.

கிழக்கே நான். மேற்கே தம்பி தனபாலன்.
கூடத்தின் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர்.
தேக்கு பீரோ, பித்தளை அண்டா,
கிணற்றில் பாதி, தென்னை ஒன்றரை,
எல்லாம் பத்திரத்தில் இருக்கிறது.
குழாயை எழுத மறந்துவிட்டார்கள்.
மோட்டார் என் பக்கம்.
தொட்டி அவன் தலைக்கு மேல்.
வால்வு அவன் பக்கம், கசிவு என் பக்கம்.
கடைமடைக்காரன் ஏன் அப்படிக் கத்துவான் என்று
ரிட்டயர் ஆன பிறகு விளங்குகிறது.

"தொட்டி தானா வடியட்டுமே" என்றாள் இந்துராணி.
"காலையிலதான் ரொப்பினீங்க, ரெண்டாயிரம் லிட்டர்.
வடியறதுக்குள்ள சுவரு ஒக்காந்துடும்க்கா."

தனபாலன் திருப்பூரில்.
ஏழு வருஷமாகப் பேச்சில்லை.
இரண்டு கல்யாணம், ஒரு சாவு;
பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து
இருவரும் சாம்பார் வாளியைப் பார்த்தோம்.
அவன் நம்பர் என்னிடம் கிடையாது.
ரீகனிடம் இருந்தது. பிளம்பருக்கு
இரண்டு பக்கமும் வேலை.

"சொல்லு ரீகன்."
"ரீகன் இல்லை."
தையல் மிஷின்களின் சத்தம் கொஞ்ச நேரம்.
"வால்வு எங்கே?"

"சமையக்கட்டுல. அரிசி டிரம்முக்குப் பின்னால.
வலப்பக்கம் திருகாதே, அது இடமரை.
பாதியில நிக்கும். ஒரு தட்டுத் தட்டு.
சாவி ஒம் பக்கத்து மீட்டர் பெட்டி மேல கெடக்கு.
போகையில வச்சது."

எனக்குச் சொல்கிறான்,
எப்படித் திருகுவதென்று.
ஃபியூஸ் போடும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறேன்.
மேலே கைவிட்டதில்லை. பல்லி முட்டைகள், சாவி.

வால்வு பாதியில் நின்றது.
தட்டினேன். சுவருக்குள் ஒரு செருமல்,
அப்புறம் ஒன்றுமில்லை.
"நின்னுச்சா?"
"நின்னுச்சு."
"எவ்வளவு கேக்குறான்?"
"நாலாயிரத்தைந்நூறு."
"கொறச்சுப் பேசு" என்று வைத்துவிட்டான்.

அவன் பக்கத்துக் குளியலறை
என்னுடையதின் கண்ணாடிப் பிம்பம்: அதே நீல டைல்,
அதே மூலையில் ஆணி.
சோப்பு வெடித்து ஓடுபோல் கிடந்தது.
கழிப்பறைக் கோப்பையின் வளைவில் தண்ணீர் வற்றி
செப்டிக் டேங்க் வாடை வீடெங்கும் ஏறியிருந்தது.
"பொழங்காத கக்கூஸ் அப்படித்தான் சார்.
வாரத்துக்கு ரெண்டு வாளி ஊத்தணும்."

கிணற்றில் இறைத்து ஊற்றினேன்.
வளைவு நிறைந்ததும் வாடை அடங்கியது.

புதுக் குழாய் பிளாஸ்டிக். துருப்பிடிக்காதாம்.
சுவர் காய இருபது நாள்;
அதற்கு முன் பூசினால் மறுபடி உப்பும்.
கொல்லைக் கேஸில் அடுத்த வாய்தா பதினாலாம் தேதி.
வக்கீலுக்குப் பணம் கட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை இந்துராணி கேட்டாள்,
அந்த ரெண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு
எங்கே போகிறீர்கள் என்று.