எந்த வண்டிக்கு?

கண்டிக்கு ஹோர்ன் வாங்கப் போகிறேன் என்றதும்
எந்த வண்டிக்கு என்று கேட்டான் லோகிதன்.
அவனுக்கு ஹற்றன் ஸ்டாண்டில் த்ரீவீலர்.
ஊதுகிற ஹோர்னடா, பிரெஞ்சு ஹோர்ன்.
எங்களுடையது மட்டும் ஊதாதா என்றான்.

காசு, விரல்களின் காசு.
ரோலர் அறையில், இரவு ஷிஃப்டில்,
வலது கையின் ஆட்காட்டியும் நடுவிரலும்
கொழுந்தோடு போய்விட்டன.
அன்றைய தூள் ஏலத்துக்குப் போகவில்லை என்று
டீமேக்கர் இரண்டு தரம் சொன்னார்.
நான் கேட்கவேயில்லை.

அதற்கு முன்பு கோயில் பேண்டில் கோர்னட்.
அது வலது கைக்காரனின் சாமான்.
மூன்று வால்வுக்கு மிஞ்சிய இரண்டு விரலை வைத்து
ஒரு தவக்காலம் முழுக்கப் பழகினேன்.
உயிர்ப்பு ஞாயிறன்று
ஆண்டவர் நொண்டிக்கொண்டுதான் எழுந்தார்.

கடைக்காரர் சுவரிலிருந்து இறக்கித் தந்தபோது
நெம்புகள் மூன்றும் இடப்பக்கம் இருந்தன.
இது இடது கைக்காரருக்கா?
இல்லை தம்பி,
உலகத்தில் எல்லோருக்குமே இதற்கு இடது கைதான்.
பஸ் கினிகத்தேனை தாண்டும்வரை
அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்திருந்தேன்.

இரண்டு இருந்தன.
புதியதில் என் பல்லே தெரிந்தது.
சிறு குழாயை இழுத்துப் பிடித்து, ஒரு மூச்சு பொறுத்து,
நெம்பை அழுத்தினேன்:
சத்தமில்லை. காற்று முன்னமே கசிந்துவிட்டது.
பழையதில் வாயோரம் நசுங்கல்,
பூச்சு போன இடத்தில் யாரோ ஒருவரின் பெருவிரல் அகலம்.
டொப் என்றது.
வாய்க்குழாயில் செம்புள்ளி இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பழைய சில்லறையும் எண்ணெயும் மணந்தது.
இரண்டு விரலுக்கு இதுவா என்றாள் கொரற்றி.
மீதிக் காசையும் காட்டினேன். எண்ணிப் பார்த்தாள்.

விடியற்காலை குளிரில் சுரம் கீழே தொங்கும்.
ஊதுவாயைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குவேன்.
மேல் சுரங்கள் நெருக்கமாய் இருக்கின்றன,
இருட்டில் லயத்துக்குத் திரும்பி
பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டுகிறவன் மாதிரி
அடிக்கடி தவறான வீட்டில் நிற்கிறேன்.
யாரும் திட்டுவதில்லை. உதடுதான் வீங்குகிறது.

வலது கைக்கு வேலை உள்ளே, புனலின் இருட்டில்.
எத்தனை விரல் என்று அங்கே எவரும் எண்ணுவதில்லை.
ஆனால் ஒலி எண்ணியது.
முழுதாக அடைக்கச் சொல்லும் இடங்களில்
இல்லாத இரண்டின் வழியே ஒழுகியது.
நுவரெலியாவில் கம்பளிக் கையுறை வாங்கி
காலி விரல்களில் இலவம்பஞ்சு திணித்துத் தைத்தாள்.
இப்போது அடைத்தால்
சுரம் மெலிந்து, தகரமாகி,
ஆற்றுக்கு அந்தப் பக்க மலையில் போய் நின்று கூப்பிடுகிறது.

வாசித்து முடிந்தால் தண்ணீர்.
ஸ்டீயரிங் திருப்புவதுபோல் முழுச் சுற்றுச் சுற்றி
சுருள் சுருளாய் இறக்கி வாசலில் கொட்டவேண்டும்.
மாதம் ஒரு தரம் பிள்ளையின் பேசினில் குளிப்பு,
வெதுவெதுப்பாய், கொதிக்கக் கூடாது.
முதல் தடவை பச்சையாய்த் தண்ணீர் வந்தது.
கொழுந்துச் சாறு என்று ஒரு நொடி கை நடுங்கிற்று.
களிம்புதான்.

நேற்று இரண்டாம் நெம்பின் நூல் அறுந்தது.
காசல்ரீயில் மீன் பிடிக்கிறவனிடம் நைலோன் வாங்கினேன்.
தண்டைச் சுற்றி, திருகாணியில் சுற்றி,
எட்டுப் போட்டு இறுக்கவேண்டும்.
மூன்று விரலும் பல்லுமாய் முக்கால் மணிநேரம்.
தா என்று கை நீட்டினாள்.
வேண்டாம் என்றேன். பிறகு கொடுத்தேன்.
அவள் போட்ட முடிச்சு தளர்ந்தது; என்னுடையதும்தான்.
மூன்றாவதை யார் போட்டது என்பதில் தகராறு இருக்கிறது.

ரோட்டில் லோகிதன் ஹோர்ன் அடிக்கிறான்.
அரைச் சுரம் கூட, என்றேன்.
வெயிட்டிங்குக்கும் காசு கேட்பான்,
எழும்பு, என்றாள்.