முப்பத்தோராவது விருப்பம்

பழங்காநத்தம் ரவுண்டானாவுக்குப் பின்னால்
பத்துக்குப் பத்துக் கடை, நாலு கம்ப்யூட்டர்,
ஒரு ஜெராக்ஸ் மிஷின், நான்.
கலந்தாய்வு மாதம் வந்தால்
பிள்ளைகளின் அடுத்த நாலு வருஷம்
என் விரல் வழியாகத்தான் போகும்.
பட்டியலுக்கு நூற்றைம்பது ரூபாய்.

எல்லோருக்கும் தெரிந்த நாலைந்து பெயர்கள் முதலில்.
அப்புறம்
"காலியா விடாதீங்கக்கா, எதையாச்சும் போடுங்க" என்பார்கள்.
எதையாச்சும் என்றால்
அச்சு, தோல், ரப்பர், சுரங்கம், புவித்தகவல்,
செராமிக்.
மாட்டுத்தாவணியில் ஓரமாக நிற்கும்
பஸ்களின் போர்டு மாதிரி.
வாசித்திருக்கிறேன்.
ஏறியவர்களைப் பார்த்ததில்லை.

முத்திருளாண்டி கடைசி நாள் வந்தான்.
ஐந்து மணிக்கு மூடுகிறார்கள், அப்போது நாலு இருபது.
வெளியே அவன் அப்பாவின் ஷேர் ஆட்டோ
அணைக்காமல் உறுமியது,
திருப்பரங்குன்றம் சவாரி மூன்று பேர் உள்ளே.
கம்ப்யூட்டர் பன்னிரண்டாவது இடத்தில்.
செராமிக் முப்பத்தொன்று.
சக்கரம் தேய்ந்த மவுஸ்,
ஒன்றை இழுத்தால் வேறொன்று தாவும்.
பின்னால் ஆறு பேர்.
ஓடிபி வந்தது. பூட்டினேன்.

ஒதுக்கீட்டுத் தாளையும் நான்தான் பிரிண்ட் எடுத்தேன்.
"பீங்கானா?" என்றார் அப்பா,
"கக்கூஸ் கோப்பை செய்யவாடா நாலு வருஷம்?"
"என் மார்க்குக்கு இதாம்ப்பா எட்டிருக்கு" என்றான்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பட்டியலைத் திறந்தேன்.
முப்பத்தொன்று பதினொன்றாகி நின்றது.
அதற்குக் கீழே அவன் கேட்ட கம்ப்யூட்டர்.
அந்தக் கல்லூரியில் அவன் மார்க்குக்கு
இடம் தாராளமாகக் கிடந்தது.

உறுதிசெய்ய இரண்டு நாள் இருந்தது.
நான் மவுஸை மாற்றினேன்.

ஆறு வருஷம் கழித்து, இந்த ஆனியில்,
தங்கச்சி லோகப்பிரியாவோடு வந்து நிற்கிறான்.
கரண்டுக் கம்பிக்கு இன்சுலேட்டர் வார்க்கும் ஆலையில் வேலையாம்.
"சூட்டை ஏத்துறது பெரிசில்லக்கா,
இறக்குறதுதான் படிப்பே.
அவசரப்பட்டா வெளிய அழகா வந்து நிக்கும்,
உள்ள போயிருக்கும்."
அப்பா இப்போது
வழியெல்லாம் கரண்டு மரத்தைக் காட்டிச்
சவாரிகளிடம் சொல்கிறாராம்,
"அந்தா தொங்குதுல்ல வெள்ளைத் தட்டு, அது எம் மகன்."

கைக்குட்டையைப் பிரித்து
உடைந்த பீங்கான் துண்டு ஒன்றை மேஜையில் வைத்தான்.
"சாயத்துல போட்டு அழுத்தம் குடுப்போம்.
நல்ல பீங்கான் ஒரு சொட்டு வாங்காது.
கோளாறு உள்ள எடம் மட்டும் குடிச்சுக்கிரும்."
வெள்ளைக்குக் குறுக்கே
முடி கிடப்பதுபோல் ஒரு ரோஸ் கோடு.
"பேப்பர் பறக்காம வச்சுக்கங்க."

"புடிச்சுப் படிச்சியா?" என்று கேட்டேன்.
இதைத்தான் கேட்க முடிந்தது.
யோசித்தான்.
"மூணாவது வருஷம் போதும்னு கெளம்பி
மாட்டுத்தாவணி வரைக்கும் வந்துட்டேன்.
விடியக்காலம். அப்பா ஆட்டோல தூங்குறாரு,
கால் ரெண்டும் வெளிய.
எழுப்பல. அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்."
சிரித்தான். "இப்பப் புடிக்குது."

அந்த 'இப்ப'வுக்கு முன்னால் கிடக்கும் வருஷங்களை
யாரிடம் கேட்பது?
சொல்ல வாயெடுத்தேன்.
ஒருவன் ஆதாரை ரெண்டு பக்கமும்
ஜெராக்ஸ் போடச் சொன்னான். போட்டேன்.

லோகப்பிரியா பட்டியலை வாசிக்கிறாள்,
யாரும் நிறுத்தி வாசிக்காத இடத்தில் நிறுத்தி.
"ரப்பருக்கெல்லாம் படிப்பு இருக்காக்கா?
இதை மேல தூக்கலாமா?"
நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன்.
"நீயே தூக்கும்மா. மெதுவா.
பூட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா
சத்தமா வாசி."

இருட்டும்வரை வாசித்தாள்.
அவன் போனை நீட்டினான்,
"எங்கக்கா ஸ்கேன் பண்ணணும், நூத்தம்பதுதான?"
"நெட் இல்லப்பா" என்றேன்,
நெட் சென்டரில் நின்றுகொண்டு.