உடுக்குறி

ஐந்து ஆலைகளின் அந்தரங்கம்
என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில்.
மாதம் பிறந்து ஐந்தாம் நாளுக்குள்
ஐந்து உறைகள் வந்துவிடும்:
எத்தனை டன் அட்டை, எத்தனை பெட்டி,
எது கோழிக்கு, எது செருப்புக்கு, எது ஆப்பிளுக்கு.
கூட்டுவது என் வேலை.
கூட்டியதைத் திருப்பித் தருவதும்
கூட்டுமுன் கண்டதை மறப்பதும்.

குரிச்சிபாவில் யாரும் என்னிடம்
என்ன வேலை என்று இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஆய்வுச் செலவை ஐந்தாய்ப் பிரித்துக்கொள்கிறார்கள் முதலாளிகள்.
ஆண்டுக்கு இருமுறை ஒரே மேசையில் சாப்பாடு.
நடுவில் வக்கீல் வல்மோர்:
விலை என்ற சொல் எவர் வாயில் முளைத்தாலும்
இருமுவதற்குச் சம்பளம் வாங்குபவர்.
போன டிசம்பரில் அவருக்கு நிஜமாகவே சளி.
பாவம், அன்று
மீன் நன்றாயிருக்கிறது என்றுகூட
ஒருவரும் சொல்லத் துணியவில்லை.

விற்பனை பத்து விழுக்காடு இறங்கினால்
அது தன் சறுக்கலா, சந்தையின் சரிவா?
சொந்த உறையை எத்தனை முறை பிரித்துப் படித்தாலும்
எவனுக்கும் விளங்காது.
ஊரே நனைந்தால் மழை.
நான் மட்டும் நனைந்தால் என் கூரை.
இதைத் தெரிந்துகொள்ளத்தான்
இவ்வளவு பணமும், இவ்வளவு அரக்கு முத்திரையும்.

ஒரு விதி உண்டு.
கட்டம் ஒவ்வொன்றிலும் மூவராவது இருக்க வேண்டும்.
இருவர்தான் என்றால்
மொத்தத்தில் தன்னைக் கழித்துவிட்டு
மற்றவனை அம்மணமாய்ப் பார்த்துவிடலாம்.
அப்படிப்பட்ட கட்டத்தில் எண்ணை எடுத்துவிட்டு
உடுக்குறி ஒன்று வைப்பேன்.
பொடி நட்சத்திரம்.
வெளிச்சம் தராத சாதி.

பூக்கும் பருவத்தில் ஆலங்கட்டி விழுந்தது.
ஏப்ரலில் சாண்டா கட்டரினா மலையாலையிலிருந்து
உறை வரவில்லை.
மே மாதம் வந்த உறைக்குள்
எண்களுக்குப் பதில் ஒரே வரி:
இனி அனுப்ப ஒன்றுமில்லை, இதுவரை நன்றி.
என் பணிக்காலத்தில்
எனக்கென்று எழுதப்பட்ட முதல் வாக்கியம் அது.
எந்தப் பத்தியில் பதிவது என்று தெரியாமல்
அரைநாள் வைத்திருந்தேன்.

ஆப்பிள் பெட்டி செய்ய மிச்சம் இருவர்:
ஒடிலோன், எரிபெர்த்தோ.
பதினேழு வருஷமாக
முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.
வைத்தேன் உடுக்குறியை.

அறிக்கை போன மறுநாள் ஒடிலோன் அழைத்தார்.
"சுலெய்டி, அந்த நட்சத்திரத்துக்கு அடியில் என்ன?"
விதி, என்றேன்.
"எண் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்.
அவனும் இறங்குகிறானா?"

இரண்டு உறைகளும் எதிரே கிடந்தன.
ஒரு தலையசைப்பளவுதான் பதில்.
தொலைபேசியில் தலையசைத்தால் தெரியாது.
அசைத்தேனா என்று நீங்களும் கேட்காதீர்கள்.

"இங்கே மழை" என்றேன்.
ஜன்னலில் நிஜமாகவே மழைதான்,
ஜூன் மாதத்து ஊசித் தூறல்.
அவர் இருந்தது நானூறு கிலோமீட்டர் தள்ளி.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது.
"மழையா" என்றார்.
பிறகு, மெதுவாக, "நல்லது."
வைத்துவிட்டார்.

வல்மோர் பக்கத்தில் இருந்திருந்தால்
இருமியிருப்பாரா என்று
மாடிப்படி முழுக்க யோசித்தபடி இறங்கினேன்.

பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் குழாயருகே
ஆவி பறக்கப் பின்யோன் கொட்டை விற்கிறாள் நெய்டே.
வெந்த கொட்டைகள் ஒரு பழைய ஆப்பிள் பெட்டியில்.
ஈரத்துக்கு இன்னும் ஈடு கொடுக்கும் அட்டை,
மூலைகூட மழுங்கவில்லை.
யார் செய்ததென்று முத்திரை இருப்பது அடிப்புறத்தில்.
குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கைப்பழக்கத்தில் பெட்டியைச் சாய்க்கப் போனேன்.

"ஏய், ஏய், அம்மா!" என்று
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"எவ்வளவு வேண்டும் என்று சொல்லு, அள்ளித் தருகிறேன்.
சாய்க்காதே.
கொட்டிவிடும்."